நோயாளிப் பணி

ஜூன் 9, திங்கள்

இந்தக் கல்லூரியின் வரலாற்றில் இன்று ஒரு பெரிய முடிவு எடுக்கப்பட்டது. பெண்கள் வார்டில், செவிலியர் மேசைக்குப் பின்னால், ஒரு நாற்காலி போடப்படும்.

தாளாளர், முதல்வர், நிர்வாக அலுவலர், நான் ஆகிய நால்வரும் மதியச் சாப்பாட்டைத் தள்ளிவைத்து விவாதித்தோம். கை வைத்த நாற்காலியா, கை இல்லாததா என்பதில்தான் நேரம் போயிற்று. கை இருந்தால் சாயத் தோன்றும், சாய்ந்தால் கண் மூடும் என்றார் நிர்வாக அலுவலர். கை இல்லாதது என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். அதில் யார் உட்காரலாம் என்ற கேள்வி அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

இதுவரை அந்த மேசையில் நின்றுதான் எழுத வேண்டும். உட்கார்ந்திருக்கும் நர்ஸைப் பார்த்தால் நோயாளிக்குத் தான் கட்டிய பணம் நினைவுக்கு வந்துவிடும் என்பது தாளாளரின் கண்டுபிடிப்பு.

நாற்காலிக்குக் காரணம் ஆய்வுக் குழு. இம்மாதம் 25, 26 இரண்டு நாளும் வருகிறார்கள். மாணவிகளின் எண்ணிக்கையை ஆண்டுக்கு அறுபதிலிருந்து நூறாக உயர்த்தக் கேட்டிருக்கிறோம். மாணவிகளுக்கும் செவிலியர்களுக்கும் ஏற்படும் பணிச்சோர்வைக் குறைக்க நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள் என்று விண்ணப்பத்தில் இந்த முறை புதிதாக ஒரு கேள்வி. ஒன்றும் செய்யவில்லை என்று எழுதுவதற்குக் கட்டம் விடவில்லை. ஆகவே பணிச்சோர்வுத் தடுப்புக் குழு தோன்றியது. மனநலச் செவிலியம் நடத்துகிறவள் என்பதால் நான் ஒருங்கிணைப்பாளர்.

வீடு திரும்பும்போது பேருந்தில் ஒட்டன்சத்திரத்தைத் தாண்டிப் பழனி வரை போய்விட்டேன். நடத்துநர் தோளைத் தட்டினார். பழனியைப் பார்த்தும் நாளாயிற்று.

ஜூன் 11, புதன்

குழுவின் முதல் வேலையாக ஒரு வினாத்தாள் வரவழைத்தேன். காலையில் எழும்போதே களைப்பாக இருக்கிறீர்களா, பிறர் துன்பம் உங்களைத் தொடாமல் போகிறதா என்ற மாதிரியான கேள்விகள். மாணவிகளுக்குக் கொடுக்குமுன் சரிபார்ப்பதற்காக நானே ஒன்றை நிரப்பினேன். விடைக்குறிப்பின்படி எனக்கு உடனடி ஓய்வும் மருத்துவ ஆலோசனையும் தேவை. வினாத்தாளில் பிழை இருக்கிறது. திருத்தி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாமே என்று இறுதியாண்டு மாணவிகளிடம் வெற்றுச் சீட்டு கொடுத்து, சோர்வு குறைய என்ன வேண்டும் என்று எழுதச் சொன்னேன். ஏறக்குறைய எல்லோரும் தூக்கம் என்று எழுதியிருந்தார்கள். ஒருத்தி தூக்கம் என்று எழுதி அடித்துவிட்டுத் தியானம் என்று எழுதியிருந்தாள். அவள் பெரிய பதவிக்கு வருவாள்.

தாளாளர் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தார். "தூக்கத்துக்கு நாம என்னங்க மேடம் செய்ய முடியும்? அதெல்லாம் வீட்டுலேயே பழக்கிவிட்டுருக்கணும்."

ஜூன் 13, வெள்ளி

மார்ச் மாதம் ஒன்பது நர்ஸ்கள் ஒரே விமானத்தில் வளைகுடா போனார்கள். அந்த இழப்பை மாணவிகள் கூடுதல் அனுபவம் பெறும் வாய்ப்பாக மாற்றியவர் நம் தாளாளர். காலையில் வகுப்பு, மதியத்திலிருந்து வார்டு, வாரத்தில் மூன்று நாள் அப்படியே இரவு டூட்டி.

இன்று பெண்கள் வார்டுக்குள் நுழைந்தபோது இறுதியாண்டு அனுசியா குளுக்கோஸ் பாட்டிலைக் கையால் உயர்த்திப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். பாட்டில் மாட்டும் கம்பிகள் ஆய்வுக்காகப் பெயின்ட் அடிக்கப் போயிருக்கின்றன. நின்றபடி தூங்கும் ஆற்றல் குதிரைக்கும் இறுதியாண்டு மாணவிக்கும் மட்டுமே உண்டு. குதிரை பாட்டில் பிடிக்காது. சொட்டு சரியாக விழுந்துகொண்டிருந்ததால் நான் எழுப்பவில்லை.

அவளுடைய அறைத்தோழி ரோஸ்லின்தான் இடுப்பில் கிள்ளினாள். "ஏ, செம்பட்டி வந்துருச்சு. எறங்குடி."

செம்பட்டி அனுசியா பஸ்ஸில் இறங்கும் ஊர். அவள் கண்ணைத் திறக்காமல், "ஸ்டேஜ் உள்ள தள்ளிப் போடச் சொல்லு, எங்க வீடு அங்கிட்டு இருக்கு" என்றாள். கட்டிலில் கிடந்த அம்மாள் தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு மூவரும் என்னைப் பார்த்துவிட்டார்கள்.

அனுசியாவுக்கு ஒரு நெருக்கடி. பிப்ரவரியில் அவள் அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். கூட இருக்க வேறு ஆள் கிடையாது. விடுப்பு முழுவதும் அதில் தீர்ந்துவிட்டது. இனி வார்டுப் பயிற்சியில் ஒரு நாள் குறைந்தாலும் ஆகஸ்ட் தேர்வை எழுத முடியாது. அடுத்த தேர்வு பிப்ரவரியில்தான். கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் செப்டம்பரிலிருந்து வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த வேலையை நம்பிக் கடன் வாங்கித்தான் அம்மாவின் ஆபரேஷனே நடந்தது.

"விழுந்தாலும் வார்டுக்குள்ளதான் மேம் விழுவேன்" என்று என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். பொறுப்புணர்ச்சி உள்ள பெண்.

ஜூன் 16, திங்கள்

பெருமாள்சாமி வந்தார். ஒவ்வோர் ஆய்வின்போதும் நமது காலிக் கட்டில்களை நிரப்பித் தருகிறவர். அரசியல் கூட்டங்களுக்கு ஆள் சேர்த்துப் போவது அவருக்கு முதன்மைத் தொழில், நோயாளிகளைச் சேர்த்து வருவது உபதொழில்.

"இருபத்தஞ்சு, இருபத்தாறா? சிக்கல் மேடம். அந்த ரெண்டு நாளும் மதுரையில மாநாடு. பொம்பளை ஆளுக்குச் சேலை குடுக்குறாங்க."

"நாங்க பிரியாணி தர்றோமேப்பா" என்றார் நிர்வாக அலுவலர்.

"அங்கயும் பிரியாணிதாங்க. ஆம்பளைக எத்தனை வேணும்னாலும் தர்றேன். படுன்னா மாட்டேன்னா சொல்லப்போறான்? பொம்பளைகதான் பயப்படுதுக. இங்க ஊசி குத்துறீங்கன்னு பேச்சு."

"குத்துறதில்லையே. சும்மா டேப்புதான் ஒட்டுறோம்."

"புள்ளைகளுக்கு அது தெரியுதா? போன தடவை காளியம்மாவுக்கு ஒரு புள்ள நெசமாவே ரெண்டு பாட்டில் ஏத்திருச்சு. ஆனா சும்மா சொல்லக் கூடாது, அதுக்கப்புறம் தெம்பா இருக்கேன்னு சொல்லுது. அது ஒண்ணு வரும்."

பெண்கள் வார்டில் நாற்பது கட்டில். உண்மையான நோயாளிகள் நான்கு பேர். அவர்களில் இருவர் அதற்குள் குணமாகிவிடும் ஆபத்து இருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

நாற்காலி வந்தது. ஆய்வு முடியும்வரை பாலித்தீன் உறையைப் பிரிக்கக் கூடாது.

ஜூன் 18, புதன்

காலையில் பல் தேய்க்கும்போது எனக்கு அந்த யோசனை தோன்றியது. மாணவிகளுக்கு வேண்டியது தூக்கம். கட்டில்களுக்கு வேண்டியது ஆள்.

தாளாளரிடம் சொன்னேன். இறுதியாண்டில் பாதிப் பேர் நர்ஸாக நிற்கட்டும், பாதிப் பேர் நோயாளியாகப் படுக்கட்டும். நைட்டி போட்டு, தலையை அவிழ்த்துவிட்டால் ஒரு குழுவாலும் கண்டுபிடிக்க முடியாது. படுத்திருப்பவர்களுக்கும் அன்று வருகை உண்டு. நோயாளியின் நிலையை உள்ளிருந்து அறியும் பயிற்சி என்று அதை எழுதிக்கொள்ளலாம்.

தாளாளர் எழுந்து நின்றுவிட்டார். "மேடம், உங்களை வெறும் டியூட்டராவே இத்தனை வருஷம் வெச்சிருந்தது எங்க தப்பு."

திட்டத்துக்கு நோயாளிப் பணி என்று பெயர் வைத்தோம். விண்ணப்பத்தில் பணிச்சோர்வுக் கேள்விக்கு எதிரே அதையே எழுதியாயிற்று. இந்தக் கல்லூரி சொன்ன பதில்களில் உண்மைக்கு மிக அருகில் வந்தது இதுதான்.

ஜூன் 20, வெள்ளி

முதலாண்டு மாணவிகளை உட்கார வைத்துக் கேஸ் ஷீட்டுகளை எழுதினோம். யாருக்கு என்ன நோய், என்ன மருந்து, மூன்று நாளுக்கான காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம் எல்லாம் முன்கூட்டியே நிரப்பப்பட்டன. 26ஆம் தேதி மாலைக்குள் எல்லோரும் குணமாகிவிட வேண்டும் என்று அறிவுறுத்தினேன்.

"மேம், ஒருத்தராவது சீரியஸா இருந்தா நம்புற மாதிரி இருக்கும்ல?" என்று ஒரு குட்டி கேட்டது. கதை சொல்லத் தெரிந்த குழந்தை. வேண்டாம் என்றேன்.

ஜூன் 22, ஞாயிறு

வீட்டில் காப்பிக்கு உப்புப் போட்டிருக்கிறேன். கணவர் சொல்லித்தான் தெரிந்தது. நான் அதற்குள் முழு டம்ளரையும் குடித்து முடித்திருந்தேன்.

ஜூன் 23, திங்கள்

அனுசியா என் அறைக்கு வந்தாள். கூடவே ரோஸ்லின், அவள் கையைப் பிடித்துக்கொண்டு.

"மேம், சனிக்கிழமையில இருந்து காய்ச்சல். கண்ணு முழியெல்லாம் வலிக்குது. எலும்பை யாரோ உருவுற மாதிரி இருக்கு."

தொட்டுப் பார்த்தேன். நல்ல சூடு. "ரத்தம் பார்த்துவிடலாமா?"

"ஐயோ, வேணாம் மேம். டெஸ்ட் எழுதுனா ஹாஸ்டல்ல சிக் லிஸ்ட்ல போட்டுருவாங்க. சிக்னா லீவு. லீவுன்னா பிப்ரவரிதான்."

அவள் சொன்னது விதிப்படி சரி. நோயுற்ற மாணவி பணியில் இருக்கக் கூடாது. பணியில் இல்லாத மாணவிக்கு வருகை கிடையாது. இந்த இரண்டு விதிகளுக்கும் நடுவே அவள் நின்றுகொண்டிருந்தாள், நிற்கக்கூட முடியவில்லை. பெண்கள் வார்டில் பதினான்காம் கட்டில் எனக்கு நினைவுக்கு வந்தது. அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் முடிந்த பெண் என்று அதற்குக் கேஸ் ஷீட் எழுதியிருந்தோம். நாளை ஒத்திகை, பிறகு இரண்டு நாள் ஆய்வு. ஆக மூன்று நாள் முழு ஓய்வு, மூன்று நாள் முழு வருகை.

"அங்கே போய்ப் படுத்துக்கொள். நீ பணியில் இருக்கிறாய்."

அனுசியாவின் முகம் அழுவதுபோல் ஆயிற்று. "நீங்க நல்லா இருப்பீங்க மேம்."

ரோஸ்லின் மட்டும், "அப்ப நெசமான பேஷன்ட்டை டூப்பு பேஷன்ட்டா படுக்க வைக்கிறோமா மேம்?" என்று கேட்டாள்.

"பணியில் இருப்பவளைப் பேஷன்ட் என்று சொல்லக் கூடாது" என்றேன். பாராசிட்டமால் கொடுத்து அனுப்பினேன். ஒரு பிரச்சினை தீர்ந்தது.

ஜூன் 24, செவ்வாய்

ஒத்திகை. முனகுவது, நர்ஸை அழைப்பது, மருந்து கசக்கிறது என்று முகம் சுளிப்பது ஆகியவற்றைச் சொல்லிக்கொடுக்கத் திட்டமிட்டிருந்தேன். கற்றுக்கொடுக்க யாரும் விழித்திருக்கவில்லை. தலையணையில் தலை பட்டதும் எல்லோரும் தூங்கிப்போய்விட்டார்கள். ஒருத்தி உதட்டை அசைத்துச் சொட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். ஒருத்தி ஷூவைக் கழற்றவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு யாரும் எழவில்லை என்று சமையல்கட்டிலிருந்து புகார்.

வார்டு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. நாற்காலியின் பக்கத்தில் சிறிது நேரம் நின்றுகொண்டிருந்தேன்.

அனுசியா இரண்டு முறை வாந்தி எடுத்தாள். ஆபரேஷன் ஆனவளுக்குப் பொருத்தம்தான்.

ஜூன் 25, புதன்

ஆய்வின் முதல் நாள். குழுவில் ஓர் அம்மையாரும் ஓர் இளைஞரும். இளைஞர் கட்டில்களை எண்ணினார். அம்மையார் கட்டிலில் இருப்பவர்களைப் பார்த்தார். அதனால் அவரிடம் கவனமாக இருக்க வேண்டியிருந்தது.

பதினான்காம் கட்டிலில் நின்றார். அனுசியாவின் வயிற்றில் ஒட்டியிருந்த பிளாஸ்திரிக்குப் பக்கத்தில் மெல்ல அழுத்தினார். அனுசியா அலறிவிட்டாள். அது வார்டின் கடைசி வரை கேட்டது. தூங்கிக்கொண்டிருந்த நான்கைந்து நோயாளிகள் திடுக்கிட்டு எழுந்து நின்று, "எஸ் மேம்" என்றார்கள். பிறகு சமாளித்துப் படுத்தார்கள்.

"ஆபரேஷன் பண்ணின வயிறுதானே, வலிக்கத்தான் செய்யும். பாவம் குழந்தை" என்று அம்மையார் அவள் தலையைத் தடவிக்கொடுத்து நகர்ந்தார்.

வராந்தாவில் முதல்வர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "யாரு மேடம் அந்தப் பொண்ணு? என்னா நடிப்பு!" நான் அடக்கமாக இருந்துவிட்டேன்.

மாலையில் அவளைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் முற்றிலும் விட்டிருந்தது. கை சில்லென்று இருந்தது. அந்தக் கட்டிலுக்கு மேல் மின்விசிறி வேகம் அதிகம். ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் எல்லோரும் அப்படித்தான். எழுப்பவில்லை.

நோயாளிப் பணி வெற்றி. திரும்பும்போது மறுபடியும் பழனி.

ஜூன் 26, வியாழன்

ஆய்வு முடிந்தது. எழுத நேரமில்லை.

ஜூன் 27, வெள்ளி

திண்டுக்கல் பெரியாஸ்பத்திரி, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே. உட்கார இடம் கிடைத்திருப்பதால் நேற்றையதை எழுதுகிறேன்.

காலை பதினொன்றரை மணி வாக்கில் அம்மையார் ரோஸ்லினை அழைத்து, ஒரு நோயாளிக்கு ரத்த அழுத்தம் பார்த்துக் காட்டச் சொன்னார். பக்கத்தில் இருந்தது பதினான்காம் கட்டில். ரோஸ்லின் பட்டையைச் சுற்றினாள், காற்றடித்தாள், காதில் வைத்துக் கேட்டாள். மறுபடி காற்றடித்தாள். மூன்றாவது முறையும் அடித்தாள்.

"என்னம்மா, எவ்வளவு?"

ரோஸ்லின் கேஸ் ஷீட்டைப் பார்த்தாள். "நூத்திப் பத்துக்கு எழுபது மேம்."

"ஷீட்லயும் அதேதான். பரவாயில்லையே, துல்லியமா பாக்குறே" என்று அம்மையார் அவள் முதுகில் தட்டினார். குழு சாப்பிடப் போயிற்று.

மருந்து அலமாரிக்குப் பின்னால் ரோஸ்லின் என்னைப் பிடித்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. "பொய் சொல்லிட்டேன் மேம். எண்பதுக்கு அறுபத்தாறுதான் இருக்கு. மூணு தடவை பாத்தேன். காலையில இருந்து அவ ஒண்ணுக்கே போகல. எழுப்புனா என்னைப் பாத்து யாருன்னு கேக்குறா."

போய்ப் பார்த்தேன். மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணத் தொடங்கினேன். பதினான்கு ஆண்டு வார்டில் இருந்தவள். எண்ணுவதற்கு எனக்குக் கடிகாரம் வேண்டாம். பாதியிலேயே நிறுத்திவிட்டேன்.

ஆய்வுக்காக அறுவைச் சிகிச்சை நிபுணர் இடத்தில் நின்றவர் திருப்பூரிலிருந்து வந்திருந்த தோல் மருத்துவர், டாக்டர் இளஞ்சேரன். அவரைக் கூட்டிவந்தேன். அனுசியாவின் முழங்கைக்குக் கீழே சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தார். இமையை இழுத்துப் பார்த்தார்.

"நான் தோல் டாக்டர் மேடம். எனக்கே தெரியுது, இது டெங்கு. காய்ச்சல் எப்ப விட்டுச்சு?"

"நேற்று மாலை."

"விட்டதுக்கு அப்புறம்தானே ஆபத்தே ஆரம்பிக்கும்? உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும் என்று சொன்னேன்.

"இப்பவே கொண்டுபோங்க. இங்க வெச்சுக்கிட்டு இருக்காதீங்க."

தாளாளர் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் பழத்தட்டோடு நின்றிருந்தார். சொன்னேன். தட்டைக் கீழே வைக்கவில்லை.

"மெதுவா பேசுங்க மேடம். நாலு மணிக்குக் கிளம்பிருவாங்க. அதுவரைக்கும் ரெண்டு டிரிப் போட்டு வைங்க. நம்ம பேஷன்ட்டை அவங்க கண்ணு முன்னாடியே இன்னொரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா என்னங்க அர்த்தம்?"

"அவ பேஷன்ட் இல்லைங்க ஐயா. நம்ம ஸ்டூடண்ட்."

"அது இதைவிட மோசம்."

"நாலு மணி வரைக்கும் தாங்காதுங்க."

"நல்லா தூங்கிக்கிட்டுத்தானே இருக்கு? நீங்கதானே சொன்னீங்க, இதுகளுக்குத் தூக்கம்தான் மருந்துன்னு?" பழத்தட்டோடு உள்ளே போய்விட்டார்.

கல்லூரி ஆம்புலன்ஸ் வாசலில் நின்றது. துடைத்து, சந்தனம் வைத்து, மாலை போட்டிருந்தார்கள். மூன்று மணிக்குக் குழு அதைப் பார்வையிடுவதாக இருந்ததால் நகர்த்தக் கூடாது என்று ஓட்டுநரிடம் சாவியை வாங்கி வைத்துவிட்டார் நிர்வாக அலுவலர். சமையல்கட்டுப் பின்வாசலில் பெருமாள்சாமியின் குட்டியானை நின்றது. மதியத்தோடு வேலை முடிந்த நோயாளிகளை ஊரில் இறக்கிவிட வந்த சரக்கு வண்டி. பிரியாணிப் பொட்டலத்தோடு இரண்டு பெண்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

நானும் ரோஸ்லினும் பெட்ஷீட்டோடு தூக்கினோம். ரோஸ்லின் குளுக்கோஸ் பாட்டிலையும் கொண்டுவந்தாள்; இந்த முறை டேப் இல்லை, ஊசி.

"திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்கு" என்றேன்.

பெருமாள்சாமி என் முகத்தைப் பார்த்தார். வாடகை பேசவில்லை, வண்டியை எடுத்தார்.

வண்டிக்குள் இருந்தவர்களில் ஒருவர் காளியம்மா. அனுசியாவின் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பொட்டலத்தைத் தள்ளி வைத்தார். "ஏத்தா, இது நெசமாவே சீக்கா?"

"ஆமாம்."

"கூத்தா இருக்கே. சீக்கு இல்லாத எங்களைச் சுத்தி எட்டுப் புள்ளைக நின்னுச்சு. இதைப் பாக்க ஒருத்தரும் இல்லையா?"

விளக்க நேரமில்லை. அவர் தன் சேலைத் தலைப்பால் அனுசியாவின் கால்களைச் சுற்றி, தேய்த்துக்கொண்டே வந்தார். வண்டி ஒரு குழியில் இறங்கி ஏறியபோது அனுசியா கண்ணைத் திறந்தாள்.

"மேம், கேட்டைத் தாண்டிட்டமா?"

"இல்லை."

"தாண்டுனா ஆப்சென்ட்."

"தாண்டவில்லை. வார்டில்தான் இருக்கிறாய். தூங்காதே, என்னைப் பார்."

"தூங்கத்தானே மேம் சொன்னீங்க?"

ரோஸ்லின் பாட்டிலை உயர்த்திப் பிடித்திருந்தாள். சாலை முழுவதும் அவள் கை இறங்கவில்லை.

பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவில் ஒரு ஸ்ட்ரெச்சரில் இரண்டு பேர் கிடந்தார்கள். அங்கிருந்த நர்ஸ் என்னை ஒரு பார்வை பார்த்தார், அனுசியாவை ஒரு பார்வை பார்த்தார். "ஓரமா நில்லுங்கக்கா" என்றார். அடுத்த நிமிடம் இரண்டு கையிலும் ஊசி ஏறியிருந்தது, ரத்தம் பரிசோதனைக்குப் போயிருந்தது. என்ன ஏது என்று எதுவும் கேட்கவில்லை. காலையில் போட்ட பூ அவர் தலையில் காய்ந்து கழுத்தில் ஒட்டியிருந்தது.

கேட்டவர் டாக்டர். பெட்ஷீட்டோடு சேர்ந்து கேஸ் ஷீட்டும் வந்திருந்தது.

"அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனா? எப்ப?"

"இல்லை சார்."

பிளாஸ்திரியைப் பிரித்தார். கீழே ஒன்றும் இல்லை. "தையல் எங்கம்மா?"

"ஆபரேஷன் நடக்கவில்லை சார்."

"இன்னைக்குச் சாயங்காலம் பிபி நூத்திப் பத்துக்கு எழுபதுன்னு போட்டிருக்கு. இப்ப மணி ஒண்ணுதானே ஆகுது?"

"ஆமாம்."

அவர் என்னை இன்னும் ஏதோ கேட்க நினைத்தார். அதற்குள் அந்த நர்ஸ், "சார், நாடி கிடைக்கல" என்றார். எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். என்னை வெளியே போகச் சொன்னார்கள்.

அனுசியாவின் அம்மா செம்பட்டியிலிருந்து மாலையில் வந்தார். ஆபரேஷன் ஆன உடம்பு. ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். "நீங்கதானே வல்லி மேடம்? ரெண்டு நாளா நல்லா ரெஸ்ட் எடுக்க வெச்சிருக்காங்கம்மான்னு போன்ல சொன்னா" என்றார். நான் தண்ணீர் வாங்கிவரப் போனேன்.

இப்போது அதிகாலை மணி மூன்று. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நிற்கிறேன்.

ஜூன் 28, சனி

இன்னும் அப்படியே. இரண்டு பை ரத்தத் தட்டணுக்கள் ஏற்றினார்கள். ரோஸ்லினை விடுதிக்குப் போகச் சொன்னேன். "போக மாட்டேன் மேம், பொய் சொன்னது நானு" என்றாள். நான் அதை மறுக்கவில்லை. மறுத்திருக்க வேண்டும்.

ஜூன் 30, திங்கள்

காலையில் சிறுநீர் போனது. அந்த நர்ஸ் வெளியே வந்து அதைச் சொன்னார். அனுசியாவின் அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். நர்ஸ் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடி ஒரு கொட்டாவி விட்டுவிட்டு உள்ளே போனார்.

எனக்குக் கல்லூரியிலிருந்து விளக்கக் கடிதம் கேட்டு ஓலை வந்திருக்கிறது. ஆய்வு நேரத்தில் அனுமதியின்றி வளாகத்தை விட்டு வெளியேறியது, பெட்ஷீட் ஒன்றை எடுத்துச் சென்றது.

ஜூலை 5, சனி

அனுசியாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். எடை குறைந்து, பள்ளிக்கூடப் பிள்ளைபோல் இருந்தாள். பேருந்தில் ஏறுமுன் ஒன்றுதான் கேட்டாள். "மேம், அட்டெண்டன்ஸ்?"

பார்க்கிறேன் என்றேன்.

ஜூலை 7, திங்கள்

தாளாளரைப் பார்த்தேன். 26ஆம் தேதி மதியத்துக்குப் பிறகு அனுசியா பெரியாஸ்பத்திரியில் இருந்த நாள்களை வெளி மருத்துவமனைப் பயிற்சி என்று பதிவு செய்யக் கேட்டேன். கட்டிலில் படுத்ததைப் பயிற்சி என்று மூன்று நாள் எழுதியிருக்கிறோம். அதே பெண், அதே கட்டில், இடம் மட்டும்தான் வேறு என்றேன்.

தாளாளர் உண்மையிலேயே அதிர்ச்சி அடைந்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"அதெப்படிங்க மேடம்? அந்தப் பொண்ணுக்கு நெசமாவே உடம்பு சரியில்லையே. பொய்யா எழுதச் சொல்றீங்களா?"

நான் பணிச்சோர்வுத் தடுப்புக் குழுவிலிருந்து விடுவிக்கப்பட்டேன். நிர்வாக அலுவலர் புதிய ஒருங்கிணைப்பாளர்.

ஜூலை 14, திங்கள்

திருத்திய வினாத்தாள் வந்துவிட்டது. அதன்படி இங்கே யாருக்கும் சோர்வு இல்லை. எனக்கும் இல்லை.

ஜூலை 21, திங்கள்

ஆய்வுக் குழுவின் அறிக்கை வந்தது. இடங்கள் அறுபதிலிருந்து நூறாக உயர்த்தப்பட்டன. நோயாளிப் பணி பிற கல்லூரிகளும் பின்பற்றத்தக்க முயற்சி என்று தனிப் பத்தியில் பாராட்டியிருக்கிறார்கள். தாளாளர் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். ரோஸ்லின் வாங்கிக்கொள்ளவில்லை. அவளுக்குச் சர்க்கரை வியாதி இருக்கலாம் என்று முதல்வர் கவலைப்பட்டார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

கோயம்புத்தூர் மருத்துவமனைக்கு நானே தொலைபேசியில் பேசினேன். பிப்ரவரி வரை காத்திருக்க முடியுமா என்று கேட்டேன். அங்கே பேசிய பெண் மரியாதையாகப் பேசினார். செப்டம்பருக்கு ஆள் வேண்டும், இருக்கிறவர்கள் இரட்டை டூட்டி பார்க்கிறார்கள் என்றார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

இறுதியாண்டுத் தேர்வு இன்று தொடங்கியது. ஐம்பத்தொன்பது பேர் எழுதினார்கள்.